மூன்றடைப்பில் பஞ்சர்

நாங்குநேரி டோல்கேட்டில் காசு கழிந்த தகவல்
போனில் கிடக்கிறது: இரண்டு நாற்பத்தேழு.
அதற்கப்புறம் மூன்றடைப்புப் பாலம்.
நடுவில் பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்.
அதை நான் பார்க்கவில்லை.

பணகுடியில் ஏற்றிய ஏத்தன், நானூற்றுப் பத்துத் தார்,
வெயில் ஏறுமுன் மதுரையில் இறங்கணும்.
நேற்றும் இதே நடை. முந்தாநாளும்.
காற்றாலைகளின் சிவப்பு விளக்குகள்
எல்லாம் சேர்ந்து விழித்து எல்லாம் சேர்ந்து மூட,
கண்ணாடியில் அதைப் பார்த்தது வரைக்கும் ஞாபகம் உண்டு.

ஓரங்கட்டி வேம்புவிடம் கேட்டேன்.
"லே, நான் உறங்குனேனா?"
"இல்லண்ணே, கண்ணு தொறந்துதான் இருந்துச்சு.
கேஸ் டேங்கர ஓவர்டேக் எடுத்தீங்க.
இண்டிகேட்டர் போட்டீங்க.
கூப்பிட்டேன், ம்ம்னீங்க."

இண்டிகேட்டர் போட்டிருக்கிறேன்.
அடிவயிற்றில் என்னமோ செய்தது.
கைக்குத் தெரிந்திருக்கிறது, காலுக்குத் தெரிந்திருக்கிறது,
வண்டியில் நான்தான் இல்லை.

அந்த இருட்டில் என்னென்ன இருந்திருக்கும்?
கிடை மாற்றிப் போகிற ஆடுகள்,
பின்விளக்கு இல்லாத ஒரு எக்செல், இருபுறமும் பால் கேன்,
பழுதாகி நிற்கும் டிப்பர்,
அதன் பின்னால் அடையாளத்துக்கு
ஒடித்துப் போட்ட வேப்பங்கொப்பு.
ஒருவேளை ஒன்றுமே இல்லாமலும் இருந்திருக்கலாம்.
வெறும் ரோடும் அரளிச் செடியும்.

போன் அடித்தது. சவரிராயன் அண்ணாச்சி.
"எங்கலே நிக்க?"
"மூன்றடைப்பு, அண்ணாச்சி."
"என்ன, பஞ்சரா?"
நாலாவது டீயின் கசப்பு நாக்கில் அப்படியே இருந்தது.
டயர் என்றால் ஒரு மணி நேரம் கொடுப்பார்.
கண் என்று சொன்னால்
அஞ்சாவது டீ குடிக்கச் சொல்வார்.
"ஆமா, பஞ்சர்" என்றேன்.

வேம்பு ஒன்றும் கேட்கவில்லை.
ஜாக்கியை எடுத்து வைத்தான்,
ஸ்டெப்னியை இறக்கிப் பக்கத்தில் சாய்த்தான்,
முக்கோணத்தை ஐம்பது தப்படி பின்னால் கொண்டு வைத்து,
போட்டோ எடுத்து அனுப்பியும் விட்டான்.
இந்தப் பயல் பிழைத்துக்கொள்வான்.

சீட்டில் காலை நீட்டினேன்.
தார்களின் பச்சை வாடை, ஒரு கொசு, அவ்வளவுதான்.

எழுந்தபோது முகத்தில் சீட்டின் தையல் பதிந்திருந்தது.
கங்கைகொண்டானில் முன்னால் ஒரு ஸ்லீப்பர் பஸ்.
அதன் விளக்கு ஒரு கம்பத்தைத் தாண்டியதும்
ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று எண்ணி
பிறகுதான் நான் தாண்டினேன்.
அவன் கண்ணும் திறந்துதான் இருக்கும்.
அதை வைத்து எதையும் நம்புவதாக இல்லை.

கயத்தாறு வரைக்கும் கண்டதை எல்லாம்
வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே வந்தேன்.
"மயில். கல்லு லாரி. ராங் சைடுல பைக், ரெண்டு பேரு.
ஓடை. நாய், தாண்டாது, இல்ல, தாண்டுது..."

"அண்ணே" என்றான் வேம்பு, துண்டைத் தலைக்கு மேல் இழுத்து,
"கொஞ்சம் மெதுவாச் சொல்லுங்க.
நான் உறங்கணும்."