வலப்பக்கம்

எஸ்தோனியாவின் சதுப்பில்
பலகைப் பாதை முடிகிற இடத்துக்கு அப்பால்
பதினொரு குழாய்கள் நட்டிருக்கிறோம்.
வாரம் ஒருமுறை நாடாவை இறக்கித்
தண்ணீர் எத்தனை ஆழத்தில் என்று
தானெல் சொல்லச் சொல்ல நான் எழுதுவேன்.

குறிப்பேட்டுக்கு ஒரே விதி.
இடப்பக்கம் எண்கள்.
வலப்பக்கம், அன்று மனசில் பட்டது எதுவோ அது.
அதற்கு மதிப்பெண் கிடையாது.

ஆகவே செப்டம்பர் முழுக்க
என் வலப்பக்கம் சும்மா கிடந்தது.
"குளிர்."
"குளிர். கொசு இல்லை."
ஒருநாள் ரொட்டிக்கு வெண்ணெய் மறந்ததைப் பற்றி
நான்கு வரி.
தானெல் தன்னுடையதில் கொக்கு வரைவான்;
கால்களுக்கு எப்போதும் தாளில் இடம் போதாது.

பனி கரைந்து ஏப்ரலில் திரும்பிப் போனோம்.
நான்காம் குழாயில் முப்பத்தொன்று.
அக்டோபரில் பதினேழு.
சதுப்பு வறள்கிறது!
கோடு போட்டுப் பார்த்தேன்,
அவ்வளவு அழகாகச் சரிந்தது.
மற்றப் பத்துக் குழாய்களும் அசையாமல் இருந்தன.
அவற்றை நான் வரையவில்லை.
அன்று ராத்திரி சந்தோஷத்தில் தூக்கம் வரவில்லை.

மறுவாரம் பேருந்து தாமதம்.
கைபேசியில் சார்ஜ் இல்லை.
வேறு வழியின்றி வலப்பக்கங்களைப் புரட்டினேன்.

அக்டோபர் நான்கு:
"நாலாவது குழாயிடம் காலுறை நனைந்தது. தானெல் சிரித்தான்.
மூடியைத் திறக்கக் குனிந்து குனிந்து முதுகு போச்சு."

ஏப்ரல் ஒன்பது:
"நாலாவதிடம் இன்றும் காலுறை நனைந்தது.
மூடி முழங்காலுக்குக் கீழே இடித்தது. வலி."

வறண்ட சதுப்பு
எப்படி என் காலணிக்குள் ஏறும்?
குனிந்து திறந்த மூடி
எப்போது எழுந்து வந்து இடித்தது?

தண்ணீர் இறங்கவில்லை.
உறைந்த மண் ஏதோ ஓர் இரவில்
குழாயைப் பிடுங்கிப்
பதினான்கு சென்டிமீட்டர் மேலே வைத்திருக்கிறது.
நான் வறட்சி என்று பெயரிட்டது
ஒரு பிளாஸ்டிக் குழாயின் வளர்த்தியை.

முப்பத்தொன்றை அழிக்கவில்லை.
படிக்கும்படி ஒரே கோடு,
பக்கத்தில் தேதி, கெர்த்து என்று கையெழுத்து.
எதிர்ப்பக்கத்தில்
அந்தச் சரிவுக்கு நான் எவ்வளவு ஆசைப்பட்டேன் என்று
எழுத ஆரம்பித்தேன்.

பேருந்து வந்துவிட்டது.
வாக்கியம் பாதியில் நிற்கிறது, "ஏனென்றால்" வரைக்கும்.