பாதி வெந்த முட்டைக்கோஸ்

இதற்குச் சாம்பல் என்று பெயர் வைத்தது யார்?
எதுவும் எரிந்து வந்ததல்ல இது.
கல்லை மாவாக்கி, கண்ணாடியைப் பொடித்து
சினாபுங் மலை தும்மியது.
சட்டை நுனியால் மூக்குக்கண்ணாடியைத் துடைத்த வாத்தியார்
இப்போது எங்களைக் கோடுகோடாகப் பார்க்கிறார்.

முதல் நாள் எருமையின் கண்ணில் நீர்.
மூன்றாம் நாள் மிளகாய்ச் செடியில்
இலை இருந்தது, பச்சை இல்லை.
ஐந்தாம் நாள் மழை.
கழுவிவிடும் என்று கைதட்டினோம்.
நனைந்த பொடி சிமெண்டாய்க் கனத்து
நடுநிசியில் உகுர்த்தா வீட்டுத் தகரக் கூரை
கட்டில்வரை இறங்கி உட்கார்ந்தது.

பிறகு லாரிகள். தேவாலயக் கூடம்.
ஒரு பாய்க்கு நான்கு பேர்.
வரைபடத்தில் சிவப்பு வட்டம்,
அதற்குள் எங்கள் முட்டைக்கோஸ்,
அறுவடைக்கு இன்னும் பதினொரு நாள்.
கடன் மட்டும் வட்டத்துக்கு வெளியே
எங்களோடு பாயில் படுத்திருந்தது.

டெகெர் விடியுமுன் மோட்டார் சைக்கிளில் போவான்,
முதுகில் தெளிப்பான்,
ஒவ்வொரு தலையாகக் கழுவிவிட்டு வருவான்.
"அது இறங்கினால்?"
"ஓடுவேன்."

கண்காணிப்பு நிலையத்துப் பையன் கெஞ்சிப் பார்த்தான்:
புகை மாதிரிதான் தெரியும், அண்ணே.
புகை மேலே போகும். இது கீழே வரும்.
பள்ளத்தைப் பிடித்து வரும், மேட்டிலும் ஏறும்.
உங்கள் வண்டி அதன் பின்னால்கூட ஓட முடியாது.
கண்ட பிறகு ஓட நேரமில்லை;
ஓட வேண்டிய நேரம் நேற்று.
டெகெர் தலையாட்டினான்.
மறுநாளும் போனான்.

வியாழன், காலை பத்து மணி.
மலையின் தோள் சரிந்தது.
கூடமே வாசலுக்கு ஓடியது.
நான் அரிசி களைந்துகொண்டிருந்தேன்.
நான்கு முறை. ஏழு முறை.
தண்ணீர் எப்போதோ தெளிந்துவிட்டது.

இருட்டிய பிறகு வந்தான்.
மேட்டிலேயே டயர் பஞ்சராம்.
அங்கே நின்று பார்த்தானாம்,
சத்தமில்லாமல் வயல் மூடியதை.
அப்புறமும் இறங்கியிருக்கிறான், பாவி,
செருப்பு இளகும் வரை நடந்திருக்கிறான்.
மேலே நீறு, உள்ளே நெருப்பு.
ஓரத்து வரிசையில் மிஞ்சிய ஒன்றைப்
பறித்து வந்திருந்தான்.

மலைப் பக்கம் வெந்து கண்ணாடியாகியிருந்தது.
ஊர்ப் பக்கம் பச்சை,
இலை மடிப்பில் நேற்று அவன் தெளித்த தண்ணீர்.
"சாப்பிடலாமா?" என்றாள் உகுர்த்தாவின் மகள்.
யாரும் பதில் சொல்லவில்லை.

அன்றிரவு வண்டிச் சாவியை
அரிசிப் பானைக்குள் புதைத்தேன்.
மறுநாள் அவன் தேடவில்லை.
அதற்கு மறுநாளும் இல்லை.

மூன்றாம் நாள் தேடினான்.