ஒரு சொல்லுக்கு ஒன்றரை சென்ட்

எல்டொரெட்டில் பனி விழுந்ததில்லை.
கூரையில் பனி இறுகினால் என்ன செய்வது என்று
தொள்ளாயிரம் சொல்லில் எழுதியவள் நான்தான்.
பூனைக்குப் பல் துலக்குவது எப்படி,
கேரேஜ் கதவு முனகினால் எங்கே எண்ணெய் விடுவது
(கேரேஜ் இல்லை என்னிடம். கதவு ஒன்று உண்டு, முனகும்),
விவாகரத்துக்குப் பிறகு சோபா யாருக்கு.
எல்லாம் எழுதியாயிற்று.

கட்டுரைக்குக் கீழே ஸ்காட் சிரிக்கிறார்.
இருபது வருட அனுபவம், இரண்டு நாய்கள்,
ஞாயிறுதோறும் மீன் பிடிப்பார்.
அவரைப் பற்றிய அந்த மூன்று வரியும்
நான் எழுதியவை. அதற்குக் காசு தரவில்லை.

வேலை வராமல் இல்லை.
வந்தால் ஒரே நாளில் ஏழு,
பிறகு பதினோரு நாள் பெட்டி காலி.
முதல் தளம் மார்ச்சில் மூடிப்போனது
எனக்குத் தர வேண்டிய நாற்பத்தொரு டாலரோடு.
இரண்டாவது, பரீட்சை வைத்தது;
பரீட்சைக்கு எழுதியதை வெளியிட்டுக்கொண்டு
தரம் போதவில்லை என்றது.
மூன்றாவதில் புது ஆட்களுக்கு இடமில்லை.
கிமையோ தன் கணக்கை வாடகைக்குத் தருகிறேன் என்றான்.
பாதிக்குப் பாதி.
பெயரைக்கூடவா வாடகைக்கு எடுப்பது என்று
ஒரு ராத்திரி யோசித்தேன்.
ஸ்காட்டை நினைத்துக்கொண்டு
சரி என்றேன்.

அவன் பங்கு போக சொல்லுக்கு ஒன்றரை சென்ட்.
உகாலி மாவு இரண்டு கிலோ, எண்பது சொல்.
சிறிய சிலிண்டர் அறுநூறு.
'எல்லாவற்றையும் வைத்துப் பார்க்கும்போது'
என்று ஒரு பத்தியைத் தொடங்கினால்
ஒரு தக்காளி.
டார்லீன் அந்தத் தக்காளியை எப்போதும் வெட்டிவிடுவார்.
எடிட்டர். முகம் பார்த்ததில்லை.

கூரைத் தூம்பைச் சுத்தம் செய்ய ஏழு படிகள்:
ஏப்ரலில் அதை அனுப்பிய இரவே மழை.
எங்கள் வரிசை வீடுகளின் தகரத் தூம்பு
யூகலிப்டஸ் இலை அடைத்துப் பொங்கி
பக்கத்து அறை நெகேசாவின் மெத்தையில் இறங்கியது.
காலையில் ஏணி இரவல் வாங்கி ஏறினேன்,
ஒரு கையில் போன், போனில் என் கட்டுரை.
மூன்றாம் படி:
இலைகளைக் குழாயின் வாய்ப்பக்கம் தள்ளுங்கள்.
தள்ளினேன்.
ஒரு முழ நீளத்துக்குக் கறுத்த சேறு
குழாய்க்குள் போய்க் குந்திக்கொண்டது.
கீழே நின்ற நெகேசா,
"யார் சொன்னது இப்படித் தள்ளச் சொல்லி?"
ஸ்காட், என்றேன்.

மத்தியானம் வரை கம்பி விட்டுக் குடைந்தோம்.
சாயங்காலம் டார்லீனுக்கு எழுதினேன்.
மூன்றாம் படி தப்பு.
தள்ளக் கூடாது, அள்ள வேண்டும்.
வாளியை ஏணியிலேயே கயிறு போட்டுத் தொங்கவிடவும்.
கையுறை கட்டாயம்; தகர விளிம்பு
உள்ளங்கையைக் கிழித்துவிடும், கேட்காமல்.
இந்தத் திருத்தத்துக்குக் காசு வேண்டாம்.

அனுப்பிய பிறகுதான் வயிற்றைக் கலக்கியது.
யானை தன் தலையில் தானே மண்ணை வாரிப் போட்டுக்கொண்ட கதை.
மீட்டரில் சிவப்பு விளக்கு சிமிட்டியது.
டோக்கன் வாங்கவில்லை; இருட்டில் உட்கார்ந்து
கைக்கட்டை அவிழ்த்து அவிழ்த்துக் கட்டினேன்.

நான்கு நாள் பதில் இல்லை.
ஐந்தாம் நாள்:
நிஜமாகவே ஏறிப் பார்த்தாயா?
எங்களிடம் எழுதுகிறவர்கள் யாரும் ஏறுவதில்லை.
இனி வாரம் நான்கு கட்டுரை.
கூரை, குழாய், சுவர், ஈரம்.
வியாழன்தோறும் பணம்.

வியாழன்தோறும்.
அந்தச் சொல்லை நெகேசாவுக்கு வாசித்துக் காட்டினேன்.
அவள் இரண்டு முறை வாசிக்கச் சொன்னாள்.
மேலே இருந்த வரியை மட்டும் வாசிக்கவில்லை:
அன்புள்ள கிமையோ.

பதில் எழுதி வைத்திருக்கிறேன்.
ஆமாம், ஏறினேன்.
ஏறியவள் பெயர் ஜெமேலி.
கையில் தழும்பு இருக்கிறது, வேண்டுமானால்
படம் அனுப்புகிறேன்.

இன்னும் அனுப்பவில்லை.
முதல் நான்கு கட்டுரையும் போய்விட்டன.
இன்று புதன்கிழமை.