ஆடு படுத்திருந்த இடம்

வெள்ளிக்கிழமை மத்தியானம்
ரெண்டாம் தட்டின் ரோசாப்பூக்கள்
ஒவ்வொன்றாய்க் கழுத்தொடிந்து சரிந்தன.
நாளைக்குக் கல்லாற்றில் கலியாணம்.
மூன்று தட்டு, நாற்பத்தியிரண்டு பூ,
அத்தனையும் பட்டர் ஐசிங்.

ஏசி ஓடிக்கொண்டுதான் இருந்தது.
இருபது என்று காட்டியது.
கையை நீட்டினால்
சோற்றுப்பானை திறந்த மாதிரி ஒரு மூச்சு.

வடிகட்டியைக் கழற்றிக் கழுவினேன்.
ரிமோட்டுக்குப் புது பட்டரி போட்டேன்.
பிரேக்கரை இறக்கி, பத்து நிமிடம் பொறுத்து ஏற்றினேன்.
யன்னல் இடுக்கில் ஈரத்துணி செருகினேன்.
கடைசியில் ஏசினேன், நன்றாக ஏசினேன்.
ஏசிக்கு அதுவும் உறைக்கவில்லை.

லண்டனிலிருந்து அண்ணன் கொள்கலனில் அனுப்பியது.
குளிருக்கும் சூட்டுக்கும் இது ஒன்றே போதும் என்றான்.
கல்லடியில் சூட்டுக்கு யார் மெசின் வாங்குவார் என்று
அன்றைக்கே கேட்டேன்.

காத்தான்குடியிலிருந்து றம்சீன் வந்தபோது
கச்சான் காற்று ஒழுங்கை மணலை வாரிக்கொண்டிருந்தது.
கேஸ் போய்விட்டது என்பான் என்று
காசை எண்ணி வைத்திருந்தேன்.
அவன் மெசினைப் பார்க்கவில்லை.
மதிலைச் சுற்றிப் போய்
வெளிப்பெட்டிக்கு முன்னால் படுத்திருந்த
ஜெயசோதி வீட்டு ஆட்டைப் பார்த்தான்.

"இது எத்தின நாளா இஞ்ச படுக்குது அக்கா?"
மூணு நாளா.
"மறுகா என்ன, அதுக்கிட்டயே கேட்டிருக்கலாமே."

குனிந்து கை வைத்தேன்.
வைகாசி வெயிலுக்குள் ஒரு முழம் மார்கழி.
பெட்டிக்கடியில் தண்ணீர் சொட்டிச் சொட்டி
குப்பைமேனி தளதளவென்று நின்றது.
மூன்று நாளாக நான் கரண்ட் காசு கொடுத்துக்
குளிரவைத்தது ஒழுங்கையை.

மூடியைக் கழற்றினான்.
செப்புக் குழாய்கள் கூடும் இடத்தில்
பெருவிரல் பருமனில் ஒரு வால்வு,
அதன் தலையில் கம்பிச்சுருள்.
கடலுப்பு கம்பியைத் தின்று
பச்சைப் பொடியாக்கியிருந்தது.
"கரண்ட் வந்தாத்தான் இது குளிருக்குக் கிறுகும்.
வராட்டி வீட்டுக்குள்ள சூட்டக் கொண்டு வரும்.
குளிர் நாட்டுக்குச் செஞ்சது, அதுட குணம் அப்பிடி."

அண்ணனும்தான்.
சித்திரையில் போன் எடுத்து,
"பிள்ளையளுக்குச் சொக்ஸ் போட்டு விடு" என்பான்.

வெட்டினான், சுரண்டினான், முறுக்கி ஈயம் வைத்தான்,
கறுப்பு நாடா சுற்றினான்.
பிரேக்கரை ஏற்றினேன்.
கொஞ்ச நேரம் ஒன்றுமில்லை.
பிறகு ஒரு டக்.
குழாய்க்குள் நீளமாய் ஒரு சீறல்,
பெட்டி உடம்பை உதறியது,
முகத்தில் வெக்கை அறைந்தது.

ஆடு எழும்பியது.
என்னைப் பார்த்தது, றம்சீனைப் பார்த்தது,
புழுக்கை போட்டுவிட்டு நடந்தது.

பன்னிரண்டு பூ மட்டும் தப்பியிருந்தன.
இரவு பதினொன்றுக்கு, முப்பத்தோராவது பூவில்,
மதிலுக்கு மேலால் ஜெயசோதியின் தலை:
"ஏன் புள்ள,
உங்கட பக்கத்தால இப்ப காத்து வருகுதில்ல?"