ஜனவரி அட்டவணை

வின்னமக்கா பெட்ரோல் பங்கில் ஒரு காபிக்கு நின்றோம்.
ஏழு நிமிடம். அது போதும்.
வெளியே நூற்றாறு டிகிரி.
மூடிய பானெட்டுக்குள் சூப்பர்சார்ஜர்
இறக்கி வைத்த தோசைக்கல் போல
சூட்டை விடாமல் பிடித்துக்கொண்டிருந்தது.

பிஷென்டே சாவியைத் திருப்பினான்.
பிடித்தது. இருமியது.
ஆக்சிலேட்டரைத் தொட்டதும் பள்ளத்தில் விழுந்தாற்போல் தொங்கி
பிறகுதான் எழுந்தது.
என் மடியில் லேப்டாப். திரையில் பதினாறரை:
ஒரு பங்கு பெட்ரோலுக்கு இத்தனை பங்கு காற்று.
பட்டினி.
"பார்த்தாயா, மார்வா" என்றான்
நான்தான் பட்டினி போட்டேன் என்பது போல.

நான்தான் போட்டேன்.
அட்டவணையை எழுதியது ஜனவரியில்,
எல்கோவில் அவன் கொட்டகையில்,
பூஜ்ஜியத்துக்குக் கீழே ஐந்து.
குளிர்காற்று அடர்த்தியாக வரும்; தாராளமாக ஊற்றினேன்.
சூட்டுப் பக்கத்துக் கட்டங்களை ஊகத்தில் நிரப்பினேன்.
விரல் மரத்துப்போனவளுக்கு
ஜூலையை நம்புவது கஷ்டம்.
அதே வாரம்தான் கூலி விஷயத்தில் வாய் முற்றியது.
ஆறு மாதம்.
நேற்று போன் செய்தான், ஹலோ கூட இல்லாமல்:
"சூடாகிவிட்டால் சொன்ன பேச்சு கேட்பதில்லை."
வண்டியைத்தான் சொன்னான்.

பிழை பிடிபட நான்கு ஸ்டார்ட் ஆயிற்று.
உள்ளே வரும் காற்றை அளக்கத்தான் அந்த சென்சார்,
கட்டைவிரல் பருமன்,
அலுமினியத்தில் திருகியிருக்கிறது.
வண்டி நின்றால் காற்றும் நிற்கிறது.
பிறகு அது அளப்பது
தான் உட்கார்ந்திருக்கும் இடத்தை.
நூற்றுத் தொண்ணூறு என்று சத்தியம் செய்கிறது.
பொய்யில்லை, தொட்டதைச் சொல்கிறது.
கணினியோ காற்று மெலிந்துவிட்டதென்று நம்பி
பெட்ரோலைக் குறைக்கிறது.

அந்தக் கட்டத்தில் எண்பத்தாறு சதவீதம் இருந்தது.
எண்பத்தொன்பது ஆக்கினேன். தொங்கல்.
தொண்ணூற்று மூன்று.
முனகாமல் கிளம்பியது.
பிஷென்டே ஸ்டீயரிங்கை ஒரு தட்டுத் தட்டினான்,
அதை எனக்கான பாராட்டாக எடுத்துக்கொண்டேன்.

ஆனால் காற்று நிஜமாகவே கொதிக்கிற வேளையும் உண்டு.
கோல்கொண்டா மேடு.
பின்னால் டிரெய்லரில் மூன்று டன் அல்ஃபால்ஃபா.
பூஸ்ட் எட்டு பவுண்ட், பெல்ட் ஊளையிட,
நூற்றைம்பது, எழுபது, தொண்ணூறு.
அதே எண். அதே கட்டம்.
இம்முறை காற்றே அவ்வளவு சூடு.
பங்கில் காட்டிய இரக்கம் இங்கே அதிகப்படி:
கண்ணாடியில் கரும்புகை, திரையில் பத்தரை.
"வீண்" என்றான்.
பெட்ரோல் விலையைச் சதம் வரை சொன்னான்.
"பிஸ்டன் விலையையும் சொல்லேன்."
சொல்லவில்லை.

உச்சியில் ஓரங்கட்டச் சொன்னேன்.
ஓர் எண்ணை மட்டும் பார்த்தால் ஆகாது.
எவ்வளவு காற்று ஓடுகிறது என்றும் பார்க்க வேண்டும்:
ஓடும்போது சொல்வதை முழுக்க நம்பு,
நின்று புழுங்கியபின் சொல்வதைப் பாதி.
அட்டவணையை இரண்டு திசையில் விரித்தேன்.
எழுதி ஏற்ற இன்ஜினை அணைக்க வேண்டும்;
அணைத்தால் சூடேறும்;
அதுவே சோதனையும். ஏழு நிமிடம் காத்திருந்தோம்.
லாரிகள் போகும்போதெல்லாம் வண்டி லேசாக ஆடியது.
சேஜ் புதர் வாசம், சூடான ரப்பர்.
தண்ணீர் பாட்டிலை நீட்டினான்.
"ஜனவரியில் நான் சொன்ன தொகை..." என்று ஆரம்பித்தான்.
"குளிரில் சொன்னது" என்றேன்.
மீதியை இருவரும் சொல்லவில்லை.

சாவி.
பதினான்கு. பதினான்கு புள்ளி இரண்டு.
மிதித்தான்: பதினொன்றரை, புகையில்லை.

புதிய கோப்புக்கு இன்றைய தேதியைப் பெயராக வைத்தேன்.
பழையதை அழிக்கவில்லை.
அக்டோபரில் உறைபனி விழும்போது
குளிர்ப் பக்கத்தை மறுபடி பார்க்க வரவேண்டும் என்றேன்.
"ம்" என்றான்.
கார்லின் வரை ஏசி போடவே இல்லை.
கம்ப்ரஸர் ஓடினால் என் எண்கள் மாறிவிடுமாம்.
ஜன்னலை இறக்கிக்கொண்டு
வியர்த்தபடி வந்தோம்.