ஆறு சின்ன கிளாஸ்

இந்திராநகர் நூறடி ரோட்டில்
நாலாம் மாடியில் பீர் காய்ச்சுகிற இடம்.
சரக்கு லிஃப்ட் மூன்றுக்கும் நாலுக்கும் நடுவே நின்றுவிட்டது,
உள்ளே பதினெட்டு மூட்டை பார்லி.
நானும் முபீனும் பிரேக் காயிலை மாற்றி
மேலே கொண்டு சேர்த்தபோது மணி நாலேகால்.

காய்ச்சுகிற பையன் பெலியப்பா, குடகுக்காரன்,
கையெழுத்துப் போட்ட பில்லோடு
ஒரு மரப்பலகையையும் நீட்டினான்.
பலகையில் ஆறு குழி, குழிக்கொரு சின்ன கிளாஸ்,
இருமல் மருந்து அளவுக்கு.
"சொல்லுங்க அங்கிள், எது எப்படி?"

முபீன் எலுமிச்சை சோடா கேட்டான், உப்புப் போட்டு.
அதுவும் ஒரு ருசிதான்,
அதற்கு யாரும் பலகை செய்துவைக்கவில்லை.

முதல் கிளாஸில் வாழைப்பழம், பின்னால் கிராம்பு.
பிரியாணியில் கிராம்பைக் கடித்த முகம் எனக்கு.
அதுதான் இங்கே அதிகம் ஓடுகிறதாம். ஓடட்டும்.
இரண்டாவது சும்மா மஞ்சளாக இருந்தது.
மூன்றாவது கறுப்பு:
ஃபில்டரில் யாரோ ராத்திரி முழுக்க மறந்துவிட்ட டிகாக்‌ஷன்.
நன்றாயிருக்கிறது என்று சொல்லவில்லை,
ஆனால் காலிசெய்தேன்.
நாலாவதை அவனே ஓரமாகத் தள்ளினான்.
"இது கசக்கும், உங்களுக்குப் பிடிக்காது."

கசந்தது.
வேப்பம்பூ ரசத்தின் அடிமண்டி.
சாத்துக்குடித் தோலை நகத்தால் கீறினாற்போல
மூக்குக்கு ஒன்று, நாக்குக்கு ஒன்று.
முழுங்கின பிறகும் போகாமல்
வாடகை கேட்க வந்த வீட்டுக்காரனாட்டம் உட்கார்ந்திருந்தது.
இன்னொன்று கேட்கலாமா என்று நினைத்தேன்.
கேட்டேன்.

அவனுக்கு அப்படியொரு சந்தோஷம்.
"எப்பவும் என்ன குடிப்பீங்க?"
ஸ்ட்ராங் பீர், ஐஸ் போட்டு.
"ஐஸா?" என்றாள் பக்கத்திலிருந்த மேனேஜர் பெண்,
சாமி அறைக்குள் செருப்போடு வந்தவனைப் பார்க்கிற மாதிரி.
ஏப்ரலில் ஷாஃப்ட்டுக்குள் நாலு மணிநேரம் நின்றவனுக்குத் தெரியும்
ஐஸ் எதற்கென்று.
இது டிசம்பர். இருந்தாலும் போட்டுக்கொள்வேன்.
பிடிக்கும் என்றேன், அவ்வளவுதான்.

ஐந்தாவதும் ஆறாவதும் ஞாபகமில்லை. ஒன்றில் மாம்பழம்.

ஏழு மணிக்கு அல்சூர். நின்றுகொண்டு குடிக்கிற கடை.
ஏழுமலை பிராந்தியில்
மாம்பழ ஜூஸ் பாக்கெட்டைப் பிழிந்துகொண்டிருந்தான்.
சவுரிராஜுக்கு ரம், சுடுதண்ணீர், ரெண்டு மிளகு;
வருஷம் பூரா அவனுக்கு ஜலதோஷம்.
கீரை வண்டி மல்லம்மா ஓரச் சந்தில் வாங்கி
ஒரே மூச்சில் முடித்துவிடுவாள்.
தண்ணீர் ஊற்றினால் ரெண்டும் கெட்டுப்போகும் என்பாள்,
ரெண்டும்.

கசப்பு பீரைப் பற்றிச் சொன்னேன்.
"எவ்ளோ?"
"ஒரு கிளாஸ் நானூத்தி இருபது."
கடையே சிரித்தது. பணக்காரக் கஷாயம் என்றான் ஏழுமலை.
எனக்கும் சிரிப்பு வந்து
பாதியில் நின்றது, மத்தியான லிஃப்ட்டைப் போல.
"இல்லப்பா. நல்லாருந்துச்சு."
"நானூத்தி இருபதுக்கா?"
"வெல நல்லால்ல. பீரு நல்லாருந்துச்சு."

ஒரு நிமிஷம் யாரும் பேசவில்லை.
மூக்கைச் சுளிக்க நாலாம் மாடி வேண்டியதில்லை,
சாக்கடை ஓரம் நின்றும் சுளிக்கலாம்.

சவுரிராஜ்தான் கேட்டான்:
"கசப்புன்னா? பாகக்காயா, மாத்திரையா?"
"வேப்பம்பூ. கூட சாத்துக்குடித் தோல்."
கண்ணை மூடி
கொஞ்ச நேரம் அதை நாக்கில் வைத்துப் பார்த்தான்.
"எனக்கு ஆவாது" என்றான், மரியாதையாக.

என் பாட்டில் வந்தது. எவர்சில்வர் கிண்ணத்தில் ஐஸ்.
ரெண்டு கட்டி போட்டு
நுரை இறங்கும்வரை காத்திருந்தேன்.

வீட்டில் ஜெசிந்தா கதவைத் திறந்ததும் முகர்ந்தாள்.
"என்னாது, கிராம்பு வாசன?"
கட்டிலுக்கடியில் துணி கட்டிய ஜாடி,
கிறிஸ்துமஸ் திராட்சை ஒயின்,
இருபத்தோரு நாளில் இன்று பத்தொன்பது.
அவள் பட்டை மட்டும்தான் போடுவாள்.
கிராம்பு போடுகிற வீடு மர்ஃபி டவுனில் மூன்று இருக்கிறது.
அவர்களைப் பற்றிக் கேட்டால்
விடிய விடியச் சொல்லுவாள்.