பானெட்டைத் தட்டுதல்

இன்றோடு ஐந்து நாள்.
இது என் பூனை இல்லை
என்பதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.
பக்கத்து வீட்டு வெய்க்கோ சல்மேலாவுடையது.
கருப்பு. இடது காதில் ஒரு கிழிசல்.
பெயர் நோகி, எங்கள் பேச்சில் கரி.

கெமியில் மைனஸ் இருபத்திரண்டு.
கடல் கெட்டியாகி, அதன்மேல் உட்கார்ந்து
துளை போட்டு மீன் பிடிக்கிறார்கள்.
பகல் பதினொரு மணிக்கு வந்து
இரண்டு மணிக்குள் கிளம்பிவிடுகிறது
பகுதிநேர வேலைக்காரியைப் போல.

இரவு ஒன்பதுக்கு அவர்
கதவை ஒரு சாண் திறந்து
நாக்கால் இரண்டு சொடுக்குவார்.
அதைக் கேட்டுக் கடிகாரம் திருத்தியிருக்கிறேன்.
அந்தச் சத்தம் நின்றுபோயிற்று.

கேட்கலாம்தான்.
எங்களுக்குள் பேச்சு நின்று ஆறு வருடம்.
ஒரு பிர்ச் மரம்.
என் கூரைமேல் சாய்ந்துகொண்டே வந்தது.
அவர் ஊரில் இல்லாத வாரம் ஆள் வைத்து வெட்டினேன்.
அவர் மனைவி நட்டது என்று
பிறகுதான் தெரிந்தது.
மன்னிப்புக் கேட்பதை
ஒரு வாரம் தள்ளிப்போட்டேன்,
அந்த வாரம்தான் இன்னும் முடியவில்லை.

பூனைக்கு இந்த வழக்கு தெரியாது.
வேலிக்கடியில் நுழைந்து
சால்மன் தோலுக்காக என் பின்படிக்கு வரும்.
அடுத்தவர் பூனைக்குச் சோறிடுவதில்
கள்ள உறவின் ருசி இருக்கிறது.
தட்டை உடனே கழுவிக் கவிழ்த்துவிடுவேன்.
நான் வைத்த பெயர் இயக்குநர்.
நான் பனி தள்ளும்போது
படியில் உட்கார்ந்து மேற்பார்வை பார்க்கும்,
ஒரு நாளும் திருப்தி காட்டியதில்லை.

முதல் நாள் நினைக்கவேயில்லை.
இரண்டாம் நாள் ஷெட்டைத் திறந்து பார்த்தேன்.
மூன்றாம் நாள் மறுபடி:
சைக்கிளுக்குப் பின்னால், பெயின்ட் டப்பாக்களுக்குப் பின்னால்,
பூனை நுழையவே முடியாத
ஆணி வைக்கும் இழுப்பறைக்குள்ளும்.
ஆலையில் இரவு ஷிஃப்ட்.
அட்டைச் சுருள் ஓடும் இரைச்சலில்
மெல்லிய குரல் கேட்டு இரண்டு தடவை திரும்பினேன்.
யாரிடம் சொல்ல?
என் பூனை என்று சொல்ல நா எழவில்லை.
அவர் பூனை என்றால்
உனக்கென்ன வந்தது என்பார்கள்.

வேலைக்குக் கிளம்புமுன்
பானெட்டை மூன்று முறை தட்டுகிறேன்.
எஞ்சின் ஹீட்டரின் சூட்டுக்கு
உள்ளே சுருண்டு கிடந்தால்?
சாவியைத் திருப்பும் அந்த ஒரு நொடி
வயிற்றில் புளி கரைகிறது.

நேற்று புதுப் பனியில் தடம்.
மண்டியிட்டு, கையுறை கழற்றி,
விரலால் அளந்தேன்.
முயல்.
நிமிர்ந்தபோது ஜன்னலில் அவர்
என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

அதற்குமேல் முடியாமல் மணியை அழுத்தினேன்.
கம்பளிக் காலுறையோடு வந்தார், இளைத்திருந்தார்.
"நோகி" என்றேன்.
"உன்னிடம்தானே இருக்கிறது?" என்றார்.
"குளிருக்கு உள்ளே வைத்துக்கொண்டாய்,
நல்லதாய்ப் போயிற்று என்று இருந்தேன்.
ஆறு வருடமாய்
சால்மன் வாசனையோடுதானே வீடு திரும்புகிறது."
சொல்லிக்கொண்டே வந்தவர்
என் முகத்தைப் பார்த்து நிறுத்தினார்.
கதவு நிலையைப் பிடித்துக்கொண்டார்.

டார்ச்சோடு கிளம்பினோம்.
விறகுக் குவியல்கள், படகு போர்த்திய தார்ப்பாய்கள்,
சாவ்னாக்களின் அடிப்பள்ளம்.
அவர் "நோகி" என்றார்.
நான் தயங்கித் தயங்கி "இயக்குநர்" என்றேன்.
திரும்பிப் பார்த்தார், சிரிக்கவில்லை.
அடுத்த தெருவில் அவரும்
"இயக்குநர்" என்று கூப்பிட ஆரம்பித்தார்,
ஒருவேளை அந்தப் பெயருக்கு வருமோ என்று.

துறைமுகம்வரை போனோம்.
அவர் மீசையில் மூச்சு உறைந்திருந்தது.
மரத்தைப் பற்றி யாரும் பேசவில்லை.
திரும்பும்போது அடிக்கட்டை இருக்கும் இடத்தில் மட்டும்
நான் வெளிச்சத்தைத் தாழ்த்திக்கொண்டேன்.

இன்றும் வரவில்லை.
மாலை பானெட்டைத் தட்டினேன், மூன்று.
வேலிக்கு அந்தப் பக்கமும் மூன்று.
இரண்டு வருடமாய் எடுக்காத,
டயரில் காற்றில்லாத அவருடைய வண்டி.
கொஞ்ச நேரம் நின்றோம்,
இரண்டில் எதிலாவது
ஏதேனும் அசைகிறதா என்று.